ஃபைசல் தெருவைக் கடக்கும் முறை

— கண் தெரியாத எனக்குக் கையெழுத்தே இந்த முத்திரைதான், அது என் கழுத்துலயேதான் தொங்குது, இன்ஜினியர். எங்கேயும் ஓடிப் போகல. ஆனா படிக்காத காகிதத்துல நான் அதைக் குத்தினதில்ல, இனிமேலும் குத்த மாட்டேன்.

— கார்ல வரும்போதே முழுசாப் படிச்சுக் காட்டினேனே, அப்லா.

— நீ படிச்சே, நான் கேட்டேன். வேற ஆள் படிச்சா வேற மாதிரி கேக்குதான்னு பாக்கணும். இந்தா, ஷுக்ரியோட கண்ணாடி. ஆஸ்பத்திரியில அவர் சட்டையோட சேத்துத் துணிப்பையில போட்டுக் கொடுத்தாங்க. ஒரு கம்பி உடைஞ்சிருக்கு, நூல் சுத்தியிருக்கேன். இதுவே படிக்கட்டும். சத்தம் வெளியில கேக்கற மாதிரி வை.

— இங்கயா? இந்த ஹாரன் இரைச்சல்லயா? வீட்டுக்குப் போயிடலாம் அப்லா. சாயங்காலம் நாப்பதாம் நாள் ஃபாத்திஹா இருக்கு. ஆளுங்க வந்துருவாங்க.

— வரட்டும். ஓதறவர் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அவர் விழுந்தது இந்த இடத்துல, நானும் இங்கயேதான் படிப்பேன். ம்... மாட்டிக்கிட்டேன். முன்னால வா.

— எதிரே ஒரு நபர். பெயர், ரம்ஸி. தூரம், ஒரு மீட்டர். முகபாவம், கவலை.

— கேட்டியா? கண்ணாடிக்குள்ள செய்தி வாசிக்கிற அம்மா உன்னை மறக்கல. ஷுக்ரி இந்தக் கண்ணாடியில சேத்து வச்ச முகங்கள்லயே உன்னோடதுதான் முதல். கட்டின பொண்டாட்டி எனக்கே ரெண்டாவது இடம்.

— அப்லா, முன்னெல்லாம் நீங்களும் என்னை ரம்ஸின்னுதான் கூப்பிடுவீங்க. நாப்பது நாளா இன்ஜினியர், இன்ஜினியர்ங்கறீங்க. என் மேல என்ன கோபம்?

— படிச்சவனைப் படிப்பைச் சொல்லிக் கூப்பிட்டா அது மரியாதைடா என் கண்ணே. நீ மட்டும் என் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க மாதிரி அப்லா, அப்லாங்கறியே, நான் உனக்கா பாடம் எடுத்தேன்? காகிதத்தை நேராப் புடி. காகிதம் ஆடினா எழுத்துத் தெரியலன்னு அந்தம்மா முறைச்சுக்குவா.

— விபத்து அறிக்கை. பயனர், ஷுக்ரி அப்துல் ஹமீத். வயது நாற்பத்தெட்டு. பார்வை, அறவே இல்லை. மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்தில் 'நிற்கவும்' எனக் கருவி எச்சரித்தது. பயனர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து நடந்ததால் வாகனம் மோதி மரணமடைந்தார்.

— என்ன அழகா வாசிக்கறா பாரு. அவர் மவுத்தானதை நம்ம ஊர்த் தட்பவெப்ப நிலை மாதிரி வாசிக்கறா. இன்னும் இருக்கு, திருப்பு.

— பரிந்துரை. ஒன்று, எச்சரிக்கை ஒலியை இரு மடங்காக்குதல். இரண்டு, பார்வையற்ற மகளிர் பள்ளியின் புதிய பயனர்கள் நாற்பது பேருக்கும், 'நிற்கவும்' என்ற சொல் கேட்டதும் அதே இடத்தில் நிற்கப் பயிற்சி அளித்தல். பயனர் அறிவுரை கேளாத இயல்புடையவர் என்பதை அவரது மனைவி உறுதி செய்கிறார். முத்திரை இடுமிடம்.

— அறிவுரை கேளாத இயல்பு! இதை நீ கார்ல படிக்கலயே.

— அது... சுருக்கமாச் சொன்னேன்.

— சுருக்கத்துல என் புருஷன் விழுந்துட்டாரா?

— அப்லா, இது வெறும் சடங்குக் காகிதம். தலைமை ஆபீஸ்ல யாரோ எழுதின வாசகம். நீங்க முத்திரை வச்சாத்தான் விசாரணையை முடிப்பாங்க. முடிச்சாத்தான் ஞாயித்துக்கிழமை நாப்பது கண்ணாடியும் உங்க பொண்ணுங்க கைக்கு வரும். கருவியோட தப்புன்னு போச்சுன்னா மொத்தத்தையும் மூட்டை கட்டிருவாங்க. ஒரு பொண்ணுக்கும் ஒண்ணும் கிடைக்காது.

— அது எனக்குத் தெரியாதாக்கும். நான் இந்தக் கண்ணாடிக்கு எதிரியா? எங்க பள்ளிக்கூடத்து ரீமுக்கு ஒரு கண்ணுல ஓரமா கொஞ்சம் வெளிச்சம். அவ போட்டுக்கிட்டா படிக்கட்டு விளிம்புல எல்லாம் மஞ்சக் கோடு வரைஞ்சு காட்டுதாம். கைப்பிடியை விட்டுட்டு இறங்கினா. பதினாலு வயசுல முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துருச்சு. எனக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? பன்னெண்டு வருஷமா கறுப்புன்னு நினைச்சு எல்லார் துக்கத்துக்கும் போட்டுக்கிட்டுப் போன அங்கி, கருநீலம்.

— உங்களுக்கே இவ்வளவு நல்லது பண்ணியிருக்குல்ல...

— பண்ணியிருக்கு. அதனாலதான் கேக்கறேன். ஷுக்ரிக்கும் பண்ணுச்சு. அரசாங்க ஆபீஸ்ல அஞ்சு சதவீதக் கோட்டாவுல அவருக்கு வேலை கொடுத்தாங்க. கொடுத்துட்டு, 'ஷுக்ரி, நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க, வீட்லயே இருங்க, சம்பளம் தானா வந்துரும்'னாங்க. பதினோரு வருஷம் வீட்ல உக்காந்து வானொலியோட சண்டை போட்டாரு. நீ வந்துதான், 'அண்ணே, தெருவுல நடந்து காட்டுங்க, உங்க நடை எங்களுக்கு வேணும்'ன்னே. அன்னிக்கு அவரே சட்டைக்கு இஸ்திரி போட்டாரு. முதுகுல சுட்டுக் கருக்கிட்டாரு, அதையே போட்டுக்கிட்டு வந்தாரு.

— ஞாபகம் இருக்கு. வாசனை வந்துச்சு.

— இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நீங்க எல்லாத்தையும் பதிஞ்சு வைப்பீங்கல்ல? இந்த அம்மா அவர்கிட்ட ஆறு மாசத்துல எத்தனை தடவை 'நிற்கவும்'னு சொல்லியிருக்கா?

— அது சரியா...

— கைபேசியில பாரு. நான் எங்கேயும் போகல.

— நாலாயிரத்து நூத்திச் சொச்சம்.

— அதுல எத்தனை தடவை நின்னாரு?

— அப்லா...

— எத்தனை?

— ஒரு தடவைகூட இல்ல.

— எத்தனை தடவை அடிபட்டாரு?

— ஒரு... ஒரு தடவை.

— நாலாயிரம் தடவை பேச்சைக் கேக்காம நடந்தாரு, ஒரு கீறல் விழல. நாலாயிரத்து நூத்தி ஒண்ணாவது தடவையும் கேக்காம நடந்தாரு, செத்துட்டாரு. இதுதான் உங்க அறிக்கை. என் பொண்ணுங்க எட்டாவதுல போடற கணக்கு, இதுகூட ஒத்து வரலயே.

— விதின்னு ஒண்ணு இருக்குல்ல, அப்லா.

— விதியை அல்லா எழுதறான், நீ உன் பேனாவைக் கீழ வை. அவரு அந்தம்மாவை எப்படிச் சமாளிப்பாருன்னு உனக்கே தெரியும். 'நிற்கவும்'னா, 'சரிம்மா சரிம்மா, உங்க வீட்டுக்காரருக்கு சலாம் சொல்லுங்க'ன்னுட்டு நடந்துக்கிட்டே இருப்பாரு. இருபது மீட்டருக்குள்ள வண்டி வந்தா நிற்கவும்னு சொல்லணுமாம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் அது?

— தலைமை ஆபீஸ். அந்த ஊர்ல கோடு போட்ட இடத்துல கால் வச்சா வண்டி தானா நின்னுடும்.

— ஃபைசல் தெருவுல ரெண்டு வண்டிக்கு நடுவுல இருபது மீட்டர் இருந்தா அன்னிக்கு ஊரடங்குன்னு அர்த்தம். இரு, ஓரத்துக்கு வர்றேன். கேளு.

— நிற்கவும். வாகனம், ஒன்பது மீட்டர். நிற்கவும். வாகனம், ஆறு மீட்டர். தற்போது பாதுகாப்பான இடைவெளி இல்லை. காத்திருக்கவும்.

— மறுமை நாள் வரைக்கும் காத்திருக்கணும். ஒரே ஒரு தடவை, போன ரமலான்ல, 'பாதுகாப்பாகக் கடக்கலாம்'னு சொன்னாளாம். நோன்பு திறக்கற நேரம். ஊர் மொத்தமும் சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால உக்காந்திருக்கு. ஷுக்ரி வீட்டுக்கு வந்து, 'ஹிக்மத், இன்னிக்கு அவ என்னை வெறும் தெருவுல கடக்க விட்டா, எனக்குப் பயமா இருந்துச்சு'ன்னாரு.

— சிரிச்சுக்கிட்டே என்கிட்டயும் சொன்னாரு.

— சிரிச்சது போதும். அவத் அண்ணே! கரும்பு மிஷினைக் கொஞ்சம் நிறுத்திட்டு இப்படி வாங்க!

— இந்தா வந்துட்டேன் தாயி. ரெண்டு டம்ளர் புழியவா? நாப்பதாம் நாளும் அதுவுமா தொண்டை காஞ்சு நிக்கியளே. யாரு, கம்பெனித் தம்பியா? ஜனாஸாவுல முன்னால தோள் கொடுத்த பிள்ளைல்லா?

— அவரேதான். அவத் அண்ணே, அன்னிக்கு நீங்க கடையிலதானே இருந்தீங்க? பாத்ததை இவர்கிட்ட சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல தாயி. நெனச்சா கை ஓட மாட்டேங்கு. ஷுக்ரி அண்ணாச்சி தெனமும் போற மாதிரித்தான் எறங்கினாவ. ஒரு காதுல கண்ணாடிக் கம்பி, ஒரு காதுல ஒயரு. சிரிச்சுப் பேசிக்கிட்டே போறாவ. கைய இப்படி நீட்டி, மாப்பிள்ளை நடக்க மாதிரி நிதானமா. வண்டிக்காரப் பயலுவ எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போறானுவ. தெருவுல மூணுல ரெண்டு பங்கு தாண்டியாச்சு.

— அப்புறம்?

— அப்புறம் நின்னுட்டாவல்லா. பொசுக்குன்னு நின்னுட்டாவ. பின்னால யாரோ பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரி தலைய ஒருக்களிச்சுக்கிட்டு நின்னாவ. அந்த மைக்ரோபஸ்காரன் இவுக போயிருவாவன்னு கணக்குப் பண்ணி முதுகுக்குப் பின்னால வண்டியை விட்டான். இவுக போகலயே! நின்ன எடத்துலயே... வேண்டாம் தாயி, நான் சொல்ல மாட்டேன். நான் கடைக்குப் போறேன்.

— போங்க அண்ணே. அல்லா உங்களுக்கு நல்லது பண்ணட்டும். கேட்டியா, இன்ஜினியர்? 'தொடர்ந்து நடந்ததால்' மோதல. நின்னதால மோதுச்சு.

— அவர் தூரத்துல இருந்து பாத்திருக்காரு. கரும்புச் சக்கைக்கு நடுவுல...

— சக்கை கண்ணை மறைக்காது. இருபத்தஞ்சு வருஷமா நான் பொண்ணுங்களுக்குக் குச்சி பிடிச்சு நடக்கச் சொல்லிக் கொடுக்கறவ. முதல் நாள் முதல் பாடம் இதுதான்: நடுத் தெருவுல மூணு பாவம். ஓடறது, திரும்பறது, நிக்கறது. ஒரே சீரா நட, தெரு உன்னைச் சுத்திக்கிட்டுப் போயிடும். வண்டிக்காரன் உன் நடையைப் பாத்துத்தான் கணக்குப் போடறான். நீ நின்னா அவன் கணக்கு தப்பிப் போகும். ஷுக்ரிக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப அவருக்கு நடக்கத் தெரியலன்னு நானே முத்திரை குத்தணும். குத்திட்டு, நாப்பது பொண்ணுங்ககிட்ட, 'நிற்கவும்னா நடுத் தெருவானாலும் நில்லுங்கடி'ன்னு சொல்லணும். சத்தம் வேற ரெண்டு மடங்கு. நாப்பது ஜனாஸாவுக்கும் நீ முன்னால தோள் கொடுப்பியா?

— அப்படிச் சொல்லாதீங்க!

— முகபாவம், அச்சம்.

— நீ ஒருத்தி சும்மா இரும்மா, எனக்கே தெரியுது. ஒரு விஷயம் கேக்கறேன், இன்ஜினியர். நீ இந்தத் தெருவை என்னிக்காவது நடந்து கடந்திருக்கியா?

— நான்... கார்லதான் வருவேன். குவைத்துல வளந்தவன் அப்லா. இங்க வந்தே நாலு வருஷம்தான்.

— நாலு வருஷமா எங்களுக்குத் தெரு கடக்கக் கருவி செய்யறே, ஒருநாளும் தெருவைக் கடக்கல. சரி, இன்னிக்குக் கட. என்னோட. இந்தா கைத்துண்டு, கண்ணைக் கட்டு.

— விளையாடாதீங்க. நாலு மணி ஆகுது, கூட்டம் உச்சத்துல இருக்கு!

— அவருக்கும் நாலு மணிதான். கட்டு. கடந்து முடிச்சதும் அந்தப் பக்கத்துல வச்சு முத்திரை குத்தறேன். இது என் வாக்கு.

— அப்லா, ப்ளீஸ்.

— கட்டிட்டியா? முடிச்சைத் தொட்டுப் பாக்கறேன். ம். என் முழங்கைக்கு மேல பிடி. தள்ளாதே, இழுக்காதே. நடைபாதை உயரம், பாத்து இறங்கு. நான் கை நீட்டிட்டேன். நட.

— நிற்கவும். வாகனம், ஏழு மீட்டர்.

— சரிம்மா. நட, நட. இதோ ரெண்டு தடவை சின்னதா ஹாரன் அடிச்சானே, 'உன்னைப் பாத்துட்டேன்'னு அர்த்தம். அதுக்குப் பயப்படக் கூடாது. அடிக்காம வர்றவனுக்குத்தான் பயப்படணும்.

— காத்து முகத்துல அடிக்குது! ரொம்பக் கிட்டத்துல போறான்!

— முன்னால போனா கிட்டத்துல, பின்னால போனா இன்னும் கிட்டத்துல. அதான் வழி. வேகம் மாத்தாதே.

— நிற்கவும். நிற்கவும். வாகனம், நான்கு மீட்டர். நிற்கவும்.

— என் மேல சாயாதே. பாதி வந்தாச்சு. இப்ப நீளமா அடிக்கறானே, அது திட்டு. நீ காலை இழுக்கறேன்னு திட்டறான். சரியா நட.

— நிற்கவும்.

— என்னால முடியல... நான் துண்டை அவுத்துடறேன்... ஐயோ! பஸ்! பஸ் வருது! நில்லுங்க! அப்லா, நில்லுங்க, நில்லுங்க!

— நடடா!

— நில்லுங்க!

— நட! கைய விட்டே, கொன்னுருவேன்! நட! இன்னும் அஞ்சு அடி. நாலு. காலைத் தூக்கு, நடைபாதை. ஏறு. ஏறிட்டியா?

— எதிரே, பழ வண்டி. சாலையைக் கடந்தாயிற்று. நன்றி.

— கொய்யா வாசனை வருது. இதுதான் அந்த வண்டி. ஏன் உக்காந்துட்டே? அடிகிடி பட்டுச்சா?

— இல்ல.

— அப்ப எதுக்கு அழறே? ரெண்டு பேரும் முழுசா நிக்கறோம். பஸ் எங்க போச்சு?

— பின்னால... பின்னால போயிருச்சு. ஒரு சாண் இடைவெளியில. நாம நின்னிருந்தா...

— நின்னிருந்தா?

— நின்னிருந்தா நம்ம மேல.

— இப்பக் கத்தினியே. அன்னிக்கும் இதே மாதிரிதான் கத்தினியா?

— என்னிக்கு?

— பொய் சொல்லணும்னா கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுச் சொல்லு. இப்பவே உனக்கு மூச்சு இல்ல.

— அப்லா...

— நாலாயிரம் தடவை அந்தம்மாவுக்கு நிக்காதவரு, அன்னிக்கு மட்டும் யாருக்காக நின்னாரு?

— நான் ஆபீஸ்ல திரையில பாத்துக்கிட்டிருந்தேன். எப்பவும் பாக்க மாட்டேன், அன்னிக்கு சும்மாதான் திறந்தேன். அவரோட கண்ணாடி வழியா தெரு முழுக்கத் தெரியுது. இடது பக்கம் மைக்ரோபஸ். அது நேரா அவர் மேலயே வர்ற மாதிரி இருந்துச்சு. என்னை அறியாமலே பேச்சுப் பொத்தானை அழுத்திட்டேன். 'நில்லுங்க அண்ணே!'ன்னு கத்திட்டேன். காப்பாத்தறேன்னு நினைச்சு. அல்லா மேல ஆணையா, காப்பாத்தறேன்னு நினைச்சுத்தான் கத்தினேன்!

— அது பதிவுல இருக்கணுமே.

— இருந்துச்சு. ஒரே ஒரு வரி. நான் அழிச்சிட்டேன்.

— அழிச்சிட்டு, மூணு நாள் துக்கக் கூடாரத்துல நாற்காலி எடுத்துப் போட்டே. வந்தவங்களுக்குக் கசப்புக் காப்பி கொடுத்தே. எனக்கும் ஒரு கப் கொண்டு வந்து கையில வச்சே. நானும் குடிச்சேன்.

— ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிடணும்னு வந்தேன். உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல.

— நான் உன் முகத்தைப் பாக்க முடியாதவ. அதுதானே உனக்கு வசதியாப் போச்சு.

— திட்டுங்க. அடிங்க. அறிக்கையைக் கிழிச்சிடறேன். உண்மையை எழுதித் தர்றேன். நின்னதாலதான் அடிபட்டாரு, நிக்கச் சொன்னது நான்தான்னு. என் வேலை போகும், போகட்டும். ஆனா கண்ணாடியையும் நிறுத்திட்டா? உங்க ரீம்?

— ரீம் என் பொறுப்பு. கண்ணாடியை நான் விட மாட்டேன். மஞ்சக் கோடு வரையட்டும், மருந்துச் சீட்டுப் படிக்கட்டும், என் அங்கிக்கு நிறம் சொல்லட்டும். ஆனா கால் நடைபாதையை விட்டு இறங்கினா அந்தம்மா வாயை மூடிக்கணும். திரைக்குப் பின்னால இருக்கறவனும் மூடிக்கணும். அதை எழுது, உங்க தலைமை ஆபீஸ் படிக்கட்டும். நின்னவனைத்தான் தெரு கொல்லும்னு தெரிஞ்சா அவங்களே மாத்துவாங்க. மாத்தலன்னா நான் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு அவங்க வாசல்ல போய் உக்காருவேன். நாப்பது குச்சி தட்டினா கதவு திறக்கும்.

— எழுதறேன். இப்பவே, இங்கயே எழுதறேன். அப்லா... ஒண்ணு கேக்கலாமா?

— கேளு.

— அன்னிக்கு ஹாரன் சத்தம் காதைப் பிளந்துச்சு. கண்ணாடியில என் குரல் சின்னதாத்தான் வந்திருக்கும். அவருக்குக் கேட்டிருக்காதுன்னுதான் நான்... அவர் வேற எதுக்கோ நின்னிருப்பாருன்னு. கால் இடறியிருக்கும். செருப்பு கழண்டிருக்கும். நாப்பது நாளா அந்த ஒரு நினைப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். கேட்டிருக்குமா அப்லா? உங்களுக்கு என்ன தோணுது?

— எனக்குத் தோணறது இருக்கட்டும். பேனா இருக்கா?

— இருக்கு.

— காகிதத்தைத் திருப்பு. பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? நான் சொல்லச் சொல்ல எழுது. நீ கொண்டு வந்த வாசகத்துக்கு இல்ல, இதுக்குக் கீழதான் என் முத்திரை. அந்தப் பக்கம் நின்னு கொடுத்த வாக்கு வாக்குத்தான்.

— சொல்லுங்க.

— 'நான் ஹிக்மத், ஷுக்ரியோட மனைவி. அன்னிக்கு அவர் ஃபைசல் தெருவைக் கடக்கும்போது போன்ல என்னோடதான் பேசிக்கிட்டிருந்தார்.'

— உங்களோடவா? அந்த ஒயரு... அது உங்க போனா?

— எழுது. 'எதிர்ப்பக்கம் கொய்யா வாசனை வருது, ஒரு கிலோவா ரெண்டு கிலோவான்னு கேட்டார். நான் ரெண்டுன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசினது என்கிட்ட இல்ல.' எழுதிட்டியா?

— ம்.

— சத்தமாச் சொல்லு, தலையாட்டினா எனக்குத் தெரியாது.

— எழுதிட்டேன்.

— கடைசி வரி. 'அவர் சொன்னது நாலே வார்த்தை. என் காதால கேட்டேன்: சரி ரம்ஸி, இதோ நின்னுட்டேன்.'